ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் மாட்டிய வாரம்

பெடலை மிதித்தேன். அது பாட்டுக்குத் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், பாதியில் நின்றது. மூன்றாம் தரம் மிதித்தால் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது. சரி, வேலை முடிந்தது என்று காலை எடுத்து, கொஞ்சம் பொறுத்து மிதித்துப் பார்த்தால் திரும்பவும் தரைக்குப் போகிறது. முன்சக்கரம் இரண்டிலும் நாங்களே மாட்டிய டிஸ்க் பிரேக். எங்கேயும் ஒரு சொட்டு லீக் இல்லை. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரமாக நானும் தாஸும் கூட்டாக மெக்கானிக் ஷெட் நடத்துகிறோம். பழைய ஜீப் என்றால் மற்ற ஷெட்டுக்காரர்கள் கும்பிடு போட்டு எங்களிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கு முன்கோபம் உண்டு. தாஸுக்கு வாய் உண்டு. இரண்டையும் சகித்துக்கொண்டு கஸ்டமர் வருவதே பெரிய விஷயம்.

இந்த ஜீப் பரிமளாவுடையது. பருத்திப்பட்டில் ஃபிளாட்டில் குடியிருக்கிறார், ஐ.டி. கம்பெனியில் வேலை. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அவர் அப்பா ஓட்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

“போன தடவ கொல்லிமலை எறங்கறப்ப பாதி வழியில பிரேக்கே புடிக்கலீங்ணா. கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தேனுங்க. கொழந்தைக ரெண்டும் பின்னாடி ஒக்காந்து பாட்டு பாடிக்கிட்டு வருதுங்க.” என்றார்.

டிரம் சூடேறினால் பிடி விட்டுப்போகும். டிஸ்க் வெளியே காற்றுப்பட இருப்பதால் சீக்கிரம் ஆறும். அதனால்தான் மாற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மலை மேலே குலசாமி கோயிலில் சின்னவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். சனிக்கிழமை காலையில் கிளம்பவேண்டும். தாராளமாகச் செய்யலாம் என்று வாயை விட்டேன்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டும் வேறொரு மாடல் வண்டியிலிருந்து கழற்றிய நல்ல செட். விற்றவரே இடது, வலது என்று பெயின்டில் L, R போட்டுக் கொடுத்தார். அந்த வண்டியில் காலிப்பர் அச்சுக்குப் பின்பக்கம் உட்காரும். ஜீப்பில் பின்பக்கம் ஸ்டீயரிங் ராடு இடித்தது. அதனால் லேத்துக்காரரிடம் சொல்லி முன்பக்கம் உட்காருகிற மாதிரி பிராக்கெட் செய்து வாங்கினோம். எங்கள் ஷெட்டில் எப்போதும் இடது சக்கரம் என்னுடையது, வலது தாஸுடையது. அவன் R எடுத்தான், நான் L எடுத்தேன். மாட்டி முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் அச்சு வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருந்தது. திருப்தியாக டீ குடித்தோம்.

அதற்கப்புறம்தான் கூத்து. பிரேக் லைனில் ஏர் எடுக்கவேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் காலிப்பரிலுள்ள சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூடுவார். உள்ளே இருக்கிற காற்று குமிழி குமிழியாக வந்து, கடைசியில் வெறும் ஆயில் வரும். எங்களுக்கும் வந்தது. ஒரு குமிழி இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்தது. பெடல் மட்டும் அமுங்கிக்கொண்டே இருந்தது.

“இன்னாபா இது? ஆயிலு சுத்தமா வருது, பெடலு உள்ள போய்கினே கீது!” என்று தாஸ் கத்தினான்.

“என்னைக் கேட்டா? நானும் உன்கூடத்தானே நிக்கிறேன்” என்று நானும் கத்தினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தெரியவில்லை என்ற வார்த்தை கஸ்டமர் காதில் விழக்கூடாது. ஏதாவது ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பேர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “மாமே, டிஸ்க்குக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் பத்தாது, பெருசு போடு” என்றார். பரிமளாவுக்கு போன் போட்டு, ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர்தான் கோளாறு என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். “சரிங்ணா” என்றார். புதுசு போட்டோம். பெடல் தரைக்குப் போனது. மறுநாள் பக்கத்து டிங்கர், ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் வீங்கும் என்றார். அதையும் போனில் சொன்னேன். “சரிங்ணா.” மாற்றினோம், பெடல் மறுபடி தரைக்குப் போனது. அடுத்து, மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். அதற்கும் “சரிங்ணா”தான். அந்த மனுஷி ஒரு தடவையாவது திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் செய்த வண்டியெல்லாம் ஒழுங்காக நின்றதா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி, “சாப்புடறப்ப எதுக்குக் கால மிதிக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டாள். கீழே குனிந்து பார்த்தேன், வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பரிமளா வந்துவிட்டார். கணவர், இரண்டு பிள்ளைகள், பை, மாலை, எல்லாம். சின்னவன் கேட்காமலேயே ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தாஸ் என்னை ஓரமாக இழுத்துப் போனான். “மூணு தபா அமுக்குனா நிக்குதுல்ல? புதுசு, அப்டித்தான் இர்க்கும், ஓட்ட ஓட்ட செட்டாவும்னு சொல்லி அனுப்பு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

சொல்லியிருக்கலாம். பல ஷெட்டில் சொல்கிறார்கள். என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. சாவியை நீட்டக்கூடச் செய்தேன். அந்தப் பையன் சீட்டில் குதித்துக்கொண்டிருந்தான். கொண்டை ஊசி வளைவில் மூன்று தரம் மிதிக்க நேரம் ஏது? கையை மடக்கிக்கொண்டேன்.

“எனக்குத் தெரியலைம்மா. என்ன கோளாறுன்னு நிஜமாவே தெரியல. இந்த வண்டியில மலை ஏறக்கூடாது. சாவி தரமாட்டேன்.”

பரிமளா என்னையே பார்த்தார். “தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு வாரமுங்களா? மாஸ்டர் சிலிண்டர்னீங்க, ஹோஸுன்னீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா வேற வண்டி பாத்திருப்பமுங்கல்ல?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கணவர் போனில் வாடகைக் கார் தேடினார். பையனை இறக்கும்போது அவன் போட்ட சத்தம் எஸ்டேட் முழுக்கக் கேட்டது.

கார் போனதும் தாஸ் பிடித்துக்கொண்டான். “ஷெட்டு பேர கெடுத்துட்டியேபா! கழட்டு எல்லாத்தையும், பழைய டிரம்மையே மாட்டித் தொலைக்கலாம்.” கோபத்தில் வலது காலிப்பரை அவிழ்த்து, ஹோஸோடு திருப்பி ஒரு மரக்கட்டை மேல் வைத்தான். நிப்பிளைத் தளர்த்தினான். புஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு வாரமாக வராத காற்று, ஆயிலைத் துப்பிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது.

“டேய், நிப்பிள் இப்ப மேல பாத்துகினு கீது!” என்றான். நான் ஓடிப்போய் என் பக்கம் குனிந்து பார்த்தேன். வண்டியில் மாட்டியிருந்த நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலேதான் நிற்கும். நாங்கள் அடிப்பக்கத்தைத் திறந்து நல்ல ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் உட்காரவேண்டிய காலிப்பரை முன்பக்கம் வைத்தால் அது தலைகீழாகிவிடும். இடதை வலதிலும் வலதை இடதிலும் போட்டால்தான் நிப்பிள் மேலே வரும். L இடதில், R வலதில், எல்லாம் சரியாக இருந்தது. அதனால்தான் தப்பாக இருந்தது. இதைத் தாஸுக்கு இன்னொரு தரம் விளக்கப்போய் நானே குழம்பிப்போனேன்.

மாற்றி மாட்டி ஏர் எடுத்தோம். முதல் மிதியிலேயே பெடல் நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆவடி, பூந்தமல்லி என்று ஓட்டி ஓட்டி, பிரேக் அடித்துப் பார்த்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். அளவெடுப்பது, மாட்டுவது எல்லாம் கை பழகப் பழக வரும். கஸ்டமர் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்ல மட்டும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை பரிமளா மொட்டைத் தலையோடிருந்த சின்னவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், தாஸ் மூன்று தரம் மிதிக்கச் சொல்லி அனுப்பலாம் என்றதையும் சேர்த்து. தாஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பரிமளா சின்னவனைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேனுங்ணா” என்றார். “ரெண்டு கொழந்தைகளையும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பேனுங்க.”