பாட்டுக்குப் பதில் சொன்ன எலி

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. விரிஞ்சிபுரத்திலிருந்து ஷூ கம்பெனிப் பெண்களோடு நின்றபடியே வேலூர் வந்து, பஸ் மாறி பாகாயத்தில் இறங்கினேன். ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். கை கழுவி, எலிகளின் எடை பார்த்து, கூண்டுகளில் உமி மாற்றினேன். டெக்னீஷியனாகப் பல வருடமாக இதே வரிசைதான். அன்று ஆராய்ச்சி மாணவி லீவு. அதனால் அவள் செய்யும் காலைச் சோதனையும் என்னிடம் வந்தது.

சோதனை எளிமையானது. எலியை ஒரு பெட்டிக்குள் விடுவோம். கீச்சென்ற ஒலி கேட்டால் அது இடது துளையில் மூக்கை நுழைக்க வேண்டும், தடித்த ஒலி என்றால் வலது துளையில். சரியாகச் செய்தால் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். தலையில் பொருத்திய மெல்லிய கம்பிகள் மூளையின் முன்பகுதியில் நடப்பதைத் திரையில் கோடுகளாகக் காட்டும். எங்களுக்கு வேண்டியது சரியான பதில் அல்ல, தப்பு. தப்பு நடப்பதற்குச் சற்று முன் மூளை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சியே.

ஏழாம் எலியின் கூண்டில் சிவப்பு அட்டை தொங்கியது. மந்தமான எலி, வெள்ளிக்கிழமை சோதனையோடு முடித்துவிடலாம் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். போன மாதம் நான்காவது எலியும் ஐந்தாவது எலியும் மந்தம் என்ற இதே பேரோடுதான் செத்துப் போயின.

அதைப் பெட்டிக்குள் விட்டேன். வெளியே ஜெபம் தொடங்கியது. மிஷன் கல்லூரி என்பதால் எங்கள் துறையில் எல்லோரும் கூடி ஒரு பாட்டுப் பாடி ஜெபித்த பிறகே வேலை ஆரம்பிக்கும். ஜெபக் கூடத்துக்கு வெள்ளையடிப்பதால் இரண்டு மாதமாக எலி அறையை ஒட்டிய வராந்தாவில்தான் ஜெபமும், பாட்டுக்கு வாசிக்கும் கீபோர்டும். ஜெப நேரத்தில் யாரும் நடமாட மாட்டார்கள், அதைவிட அமைதியான நேரம் கிடையாது என்று முடிவு செய்து சோதனையையும் அப்போதே வைத்திருந்தார்கள். தினமும் நானும் வெளியே நின்று பாடுகிறவள்தான். உள்ளேயிருந்து கேட்டது அன்றுதான்.

பெட்டிக் கதவின் ரப்பர் காய்ந்து பிளந்திருந்தது. உள்ளே பாட்டு நன்றாகவே கேட்டிருக்கும். திரையைப் பார்த்தேன். கவனம் சிதறி எலி தப்பு செய்யும்போது, அதற்கு முன்பே கோடுகள் தளர்ந்து படுத்துவிடும். ஏழாம் எலிக்கு அப்படி இல்லை. தடித்த ஒலிக்கு இடப்பக்கம் போன ஒவ்வொரு முறையும் கோடுகள் விறைப்பாக நின்றன. காதால் கேட்டு, முடிவெடுத்துத்தான் போயிருக்கிறது. அந்தந்தச் சமயம் கீபோர்டு உச்ச ஸ்தாயியில், சோதனை ஒலி போலவே கீச்சென்று ஒலித்தது. பாட்டு முடிந்து ஜெபக் குரல் மட்டும் ஒலித்தபோது தப்பும் நின்றது.

சத்தம் போட்டது நாங்கள், மந்தம் என்ற பட்டம் எலிக்கு.

தலைவரைக் கையோடு அழைத்துவந்து திரையைக் காட்டினேன். டீ கொண்டுவந்த அட்டெண்டர், "இன்னாக்கா, எலிக்கும் ராகம் புடிச்சுப்போச்சா?" என்றார். தலைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதனை நேரத்தை நடுவில் மாற்றினால் இதுவரை எடுத்ததெல்லாம் வீண் என்றார். அது எனக்கும் தெரியும். பாட்டைத்தான் மாற்றச் சொன்னேன்.

"எலிக்காக ஜெபத்தை நகர்த்தச் சொல்றீங்களாம்மா? தப்புன்னா தப்புதான்."

"தப்புக்கு முன்னாடி மூளையில என்ன நடக்குதுன்னு பார்க்கத்தான சார் நமக்குச் சம்பளம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், நாளைக்கு ஒரு நாள் பார்க்கலாம், சரியாகச் செய்தால் உயிரோடு இருக்கட்டும் என்றார். கீபோர்டு பற்றிக் கேட்டேன்.

"வெள்ளையடிச்சு முடியற வரைக்கும் அது அங்கதான்."

அதாவது, நாளைக்கும் அதே பாட்டு, அதே தப்பு, சாயங்காலம் ஊசி. அதைச் சலுகை மாதிரி சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போனார். நான்காவதையும் ஐந்தாவதையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போயும் கோபம் தணியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்தேன். கை கழுவக்கூட இல்லை. முதல் வேலையாகக் கீபோர்டையும் ஸ்டாண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு மாடி கீழே, பாட்டு எலி அறைக்குக் கேட்காத போர்டிகோவில் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.