நல்ல கண்ணை மூடினவள்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு திருப்பூர், கோயமுத்தூர், எர்ணாகுளம் என்று பல ஊர்களில் வேலை பார்த்தேன். எங்கும் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. யாராவது ஒரு சொல் அதிகமாகப் பேசினால் அன்றைக்கே பையைக் கட்டிவிடுவேன். மகள் பிறந்த பிறகும் அப்படித்தான். பையோடு அவளையும் தூக்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் கழக்கூட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு நாலு வயது. ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் எனக்குச் சமையல் வேலை. அதன் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஓர் அறை. பகலில் அவள் அங்கன்வாடிக்குப் போவாள். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அங்கே அவளுக்குப் பெயர். டீச்சர் புகார் சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பெண் பிள்ளை முரண்டு பிடிக்கட்டும், இல்லாவிட்டால் ஊர் மென்றுவிடும்.

ஒரு நாள் அங்கன்வாடிக் குழந்தைகளின் கண் பார்க்க வண்டி வந்தது. தாய்மாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சந்து குறுகல் என்பதால் அதை முக்கிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கச் சொன்னார்கள். வண்டிக்குள் குளிர். ஒரு பக்கம் படங்கள் போட்ட அட்டை தொங்கியது: வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம். அதே படங்கள் உள்ள சின்ன அட்டை ஒன்றைப் பிள்ளையின் மடியில் வைப்பார்கள். தூரத்தில் காட்டுவது எதுவோ அதை மடியில் தொட்டால் போதும். எழுத்துத் தெரியாத வயதுக்கு ஏற்ற பரிசோதனை.

கண் பார்க்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் மகளின் வலது கண்ணை மறைத்தாள். மகள் மூடியைப் பிடுங்கி எறிந்து, அவள் கையையும் கீறிவிட்டாள். பயங்கர வாசியாணு என்றார் டீச்சர். பயங்கரப் பிடிவாதக்காரி, இவளை விட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்று அர்த்தம். அந்தப் பெண் விடவில்லை. இடது கண்ணை மறைத்தாள். மகள் சமர்த்தாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். மறுபடி வலதை மறைத்தாள். மறுபடி அலறல்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சேச்சி, இது வாசி அல்ல. எடது கண்ணில இவளுக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. அதான் வலதை மூடினா பேடிக்குது, பயப்படுது."

எனக்குக் கோபம் வந்தது. சுவரில் ஊரும் எறும்பை எண்ணிச் சொல்கிற பிள்ளை அவள் என்று சண்டை போட்டேன். ஒரு கண் இரண்டு கண்ணின் வேலையையும் செய்கிறது, அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று பஸ் வரைக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிப் பார்த்துவிட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார். இடது கண்ணில் நோய் எதுவும் இல்லை. பவர் மட்டும் மிக அதிகம். மங்கலாகவே வருகிறதே என்று மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது. கண்ணாடி போட்டு, தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மூடினால், ஒதுக்கின கண் வேறு வழியில்லாமல் வேலை செய்யும். வயது ஏற ஏற அது வழிக்கு வராது என்றார்.

கண்ணாடி மாட்டி, பட்டை ஒட்டிய முதல் வாரம் அவள் கட்டிலிலும் கதவிலும் முட்டிக்கொண்டாள். சாயங்காலச் சமையலுக்குப் போகும்முன் ஒட்டிவிட்டு, பக்கத்து அறையில் இருந்த நாகர்கோவில் அக்காவிடம் விட்டுப் போவேன். அக்காவுக்குப் பிள்ளை மேல் உயிர். ஒரு நாள் திரும்பி வந்தபோது மகள் வாசலில் பந்து விரட்டிக்கொண்டிருந்தாள். எதிலும் முட்டவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். பட்டை இடது கண்ணில் இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். முதல் வாரம் தாண்டியதிலிருந்தே, நான் படியிறங்கியதும் அக்கா மாற்றிவிடுவாளாம்.

"எட்டி, நோவுற காலுக்குத்தான் கட்டு போடுவாவ. நல்ல காலுக்கா போடுவாவ? டாக்டர் சொன்னது உனக்கு வெளங்கல்ல. பிள்ள பொட்டைக் கண்ணாத் தடவிட்டு நடக்கா, பார்த்திட்டு இருக்கவா?"

"யக்கா, நல்ல கண்ணு சம்பாதிக்கி, இது உக்காந்து திங்கி. நல்லது வீட்டுல படுத்தாத்தான் இது வேலைக்குப் போவும்."

"உன் மாப்பிள கதைய எங்கிட்ட சொல்லாத."

லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நீ ஒரு தாயா என்று ஒருத்தி கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே பையைக் கட்டியிருப்பேன். எர்ணாகுளத்தில் கேன்டீன் வேலைக்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போகவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே பட்டையைப் பிய்த்தேன், புதிதாக ஒன்றை எடுத்து வலது கண்ணில் ஒட்டினேன். தாயில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாளிலிருந்து அவளை ஹாஸ்டல் சமையல்கட்டுக்கே கூட்டிப் போனேன். அடுப்பிலிருந்து தள்ளி ஒரு மூலையில் உட்காரவைத்து, முறத்தில் பயறு கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னேன். கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லை விட்டுப் பயறைத்தான் எறிந்தாள். ஹாஸ்டல்காரி முகம் சுளித்தாள். பிள்ளை இங்கேதான் இருக்கும், வேண்டாமென்றால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். அவள் பார்க்கவில்லை. காலையில் நூறு பேருக்கு இட்லி வேண்டுமே.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலது கண் மூடியிருக்க, மகள் பெரிய வீட்டைத் தொட்டாள். அதற்குக் கீழே சின்னதாக இருந்த வட்டத்தையும் தொட்டாள். அதற்கும் கீழே கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். தேறி வருகிறது, இன்னும் ரொம்ப நாள் ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். ஒட்டுகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் பட்டையைக் கையில் எடுத்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். உன்னைப் பிடிக்கவே இல்லை என்று கத்தினாள். பிடிக்க வேண்டாம் என்றேன். என் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவள் தலையை என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பட்டையின் ஓரமெல்லாம் பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன்.