வடிகட்டிய தண்ணீர்

தண்ணீரூற்று என்ற ஊரைச் சேர்ந்த சிவனேஸ்வரி பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து களிமண் துகளின் மேற்பரப்பில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. 1982இல் மண் எடுக்க ஒட்டுசுட்டானுக்கு வந்தபோது, வயல்காரர் வீரகத்தி அவளிடம் ஓர் உதவி கேட்டார்.

அவருடைய வயலில் கூலிவேலை செய்த அழகம்மா, எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவள். வயலோரத்தில் தோண்டியிருந்த துரவுக் கிணற்றில்தான் குடிக்கத் தண்ணீர் அள்ளினாள். மருந்தடிக்கும் மெஷினையும் அதன் கரையில்தான் கழுவினார்கள். மகள் மீனம்மாவுக்கு வலிப்பு வரத் தொடங்கியதும், தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்று அழகம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

"ஒருக்காப் பாத்து எழுதித் தாங்கோ பிள்ளை. இவளின்ரை வாயை அடைக்கவேணும்" என்றார் வீரகத்தி.

சிவனேஸ்வரி தண்ணீரை எடுத்துப்போய், முறைப்படி கலங்கலை வடிகட்டிவிட்டுச் சோதித்தாள். நஞ்சு இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். வீரகத்தி கடிதத்தைக் கூலியாட்கள் நடுவே வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அழகம்மாவைப் பொய்க்காரி என்றே கூப்பிட்டார்கள்.

ஆவணியில் துரவு வற்றியது. மீனம்மா அடியில் இறங்கிச் சேற்றுத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக் குடித்தாள். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனாள். பன்னிரண்டு வயது.

செய்தி கேட்ட சிவனேஸ்வரி, வடிகட்டிய தாளில் காய்ந்திருந்த சேற்றை எடுத்துச் சோதித்தாள். நஞ்செல்லாம் அதில் ஒட்டியிருந்தது. களிமண்ணையே படித்தவளுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது கடிதம் எழுதி, அழகம்மாவிடம் நேரே கொண்டுபோனாள்.

"வடிகட்டியா பாத்தீங்க?" என்று அழகம்மா கேட்டாள். "நாங்க அப்படியேதாங்க குடிச்சோம்."

இருவரும் பொலிசுக்குப் போனார்கள். விசாரிக்கக் கூப்பிட்டதும் வீரகத்தி முதல் கடிதத்தை நீட்டினார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. எது பொய் என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பொலிஸ்காரர்கள் முறைப்பாட்டை எழுதவேயில்லை. மறுநாளே அழகம்மாவின் சட்டிபானைகள் வீதியில் கிடந்தன. வவுனியாப் பக்கம் போனாளாம். சிவனேஸ்வரி தேடியும் அகப்படவில்லை.

அடுத்த வருடம் ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்தது. சேற்றைப் பற்றிய பகுதியைப் பேராசிரியர் தனியாகப் பாராட்டினார். அந்தக் கிழமையே அவள் ஒட்டுசுட்டானுக்குப் போனாள். அழகம்மா இருந்த குடிசையில் வேறொரு குடும்பம் இருந்தது. துரவுத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று அந்த வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

அந்தப் பெண் இடுப்பிலிருந்த குடத்தை இறக்காமலே கேட்டாள். "அப்ப எங்கங்க போய் அள்ளுறது?"