வலது காதுப் பக்கத்து சீட்

என் வீட்டுக்காரர் சிவசாமி முறுக்குக் கடித்தால் ஹட்டன் தியேட்டரில் முன்வரிசை வரைக்கும் கேட்கும் என்று எங்கள் தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் வீட்டு ஆம்பளைகள் எந்த லட்சணத்தில் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த மனுசனைப் பற்றிப் பேச முடியாது.

வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டம். நான் மலையில் கொழுந்து பறிக்கிறேன். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலரில் நிற்கிறார். மீசை அரும்பின வயசில் உள்ளே போனவர், இப்போது மீசை முழுக்க வெள்ளை. அந்த ரோலர் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் செத்து விழுந்தாலும் தெரியாது. அது அவருடைய இடது காதை முழுசாகத் தின்றுவிட்டது. வலது காதில் பாதியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. காதுக்கு மெசின் வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் போனால் மண்டை பிளக்கிறதாம். கழற்றி அலுமாரிக்குள் போட்டவர் திரும்ப எடுக்கவில்லை.

மற்றபடி தங்கமான மனுசன். சாராயத் தவறணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஒருத்தர் வம்புக்கும் போகமாட்டார். பேச்சும் கிடையாது. வீட்டில் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் 'தேத்தண்ணி', 'சோறு', 'சட்ட எங்க' அவ்வளவுதான். நான் ஒன்று கேட்டால் தலையை ஆட்டுவார். கேட்டு ஆட்டுகிறாரா கேட்காமல் ஆட்டுகிறாரா என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் சினிமா. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, காலை ரயிலுக்கு என்னை விரட்டுவார். ஹட்டனில் இறங்கியதும் முதலில் முறுக்கு, அப்புறம்தான் டிக்கெட். சண்டைப் படமெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அம்மா பிள்ளையைப் பிரிகிற மாதிரி, அண்ணன் தங்கச்சி அழுகிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், வாய் முறுக்கைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கடி அடுத்தவனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. அவருக்கு வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வசனத்தை எல்லாம் அவர் காதில் சொல்ல வேண்டும். "அவ அப்பன் வேணாங்குறான்." "இவன் வெளிநாடு போறேங்குறான்." "பொய் சொல்றான், நம்பாதீங்க." இப்படி. ரகசியமாகச் சொன்னால் அவருக்கு ஏறாது, கொஞ்சம் குரலை விட்டுத்தான் ஆக வேண்டும். சும்மா சொல்லவில்லை, இந்த மனுசனைக் கட்டின நாளிலிருந்து நான் அவரோடு இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பேசுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த சீட் எனக்கு அவ்வளவு பெரிசு.

சனம் திட்டும். "அக்கா, நாங்களும் படம் பாக்கத்தான் வந்திருக்கோம்" என்று ஒருவன் சொல்வான். "படம் ஒரு பக்கம் ஓடுது, ரேடியோ ஒரு பக்கம் ஓடுது" என்று இன்னொருவன். நல்லா இருக்கே நியாயம்! கதாநாயகன் காலைத் தூக்கி வைத்தால் விசிலடித்துக் கடதாசி கிழித்து வீசுகிறீர்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் படத்தையே படம் எடுக்கிறீர்கள். அதெல்லாம் மரியாதை, ஒரு மனுசன் பசிக்கு முறுக்குக் கடித்தால் மட்டும் மரியாதைக் கேடா? ஆனாலும் நானும் சொல்லாமல் இல்லை. "மெதுவா மெல்லுங்க, மானம் போகுது" என்று எத்தனை வருசமாகக் காதில் ஓதுகிறேன். தலையை ஆட்டுவார், கடிப்பார்.

போன மாதம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். நாங்கள் போய் உட்கார்ந்தபோது அதே வரிசையில், அவருக்கு இடது பக்கம் ஒரு சீட் தள்ளி, ஜீவராணி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கிற பணிய லயத்துக்காரி, தனியாக வந்திருந்தாள். ஸ்டோரில் என் வீட்டுக்காரர் ரோலருக்கு நேர் எதிரே, அரைத்து விழுகிற கொழுந்தைச் சலிக்கிற மெசினில் நிற்பவள். என்னைப் பார்த்து, "லெச்சுமி அக்கா, நீங்களும் வந்தீங்களா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

படத்தில் தாய்க்காரி சாகக் கிடக்கிற இடம் வந்தது. தியேட்டரே மூச்சு விடாமல் இருக்கிறது. இவர் மட்டும் நொறுக் நொறுக் என்று கடிக்கிறார். பின்னாலிருந்து ஒருவன் சீட்டை உதைத்து, "யோவ், இது என்னா சோத்துக்கடையா?" என்றான். எனக்கு ஏறிவிட்டது. அவனை நாலு கேட்கலாம் என்று திரும்பப் போனேன். அதற்குள் ஜீவராணி கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல மேலே உயர்த்தினாள், அவ்வளவுதான். இவர் சட்டென்று நிறுத்திவிட்டார். முறுக்குப் பையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டார். ஒரு சத்தம் இல்லை!

எனக்கு வயிறு பத்திக்கொண்டு எரிந்தது. நான் தொண்டை கிழியச் சொல்லி நடக்காதது, அவள் ஒரு கையை அசைத்து நடக்கிறதா? அதோடு விட்டாளா? இவர் திரும்பி இரண்டு விரலை என்னவோ போல மடக்கிக் காட்டினார். அவள் உதட்டை மட்டும் அசைத்து என்னவோ சொன்னாள். இவர் தோள் குலுங்கச் சிரித்தார். வீட்டில் எத்தனையோ காலமாக நான் பார்க்காத சிரிப்பு. அடுத்தாற்போல அவள் கையைக் குவித்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்தாள். இவர் மறுபடியும் சிரித்தார்.

எனக்குப் புரியாதா? காதில் கை வைத்தால் போன் எடு என்று அர்த்தம். நான் ஒருத்தி கல்லுமாதிரி பக்கத்தில் இருக்கும்போதே!

'ஸ்டோர்ப் பேச்சு' எனக்குத் தெரியாத விசயம் இல்லை. மெசின் இரைச்சலில் வாய் பேச முடியாது, அதனால் உள்ளே இருக்கிறவர்கள் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னவோ ரோலரை நிறுத்து, ஓட்டு என்று நாலு சாடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒருத்தியோடு குசுகுசுவென்று கதை பேசிச் சிரிக்க முடியும் என்று கனவிலும் நினைக்கவில்லை. வீட்டில் பேச்சில்லாத மனுசன் அங்கே பகலெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். என்னோடு இல்லை, அவ்வளவுதான்.

இடைவேளையில் ஜீவராணி, "அக்கா, டீ வாங்கவா?" என்றாள்.

"ஒன்னும் வேணாம். எங்க வயிறு நெறைஞ்சிருச்சு" என்றேன். அவள் முகம் சுண்டிப் போனது. போகட்டும்.

படம் திரும்பத் தொடங்கும் முன்னே நான் எழுந்து, அவரைத் தாண்டிப் போய், இடது பக்கத்து சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தேன். இனி அவள் கையைக் காட்டினால் அவர் என் தலையைத்தான் பார்க்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் விளங்கியது. அந்தப் பக்கம் செத்த காது. நான் எதைச் சொல்லி என்ன? வலது பக்கத்து சீட்டில் இப்போது யாரும் இல்லை. திரும்பிப் போகலாம்தான், ஆனால் நான் எழுந்தால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "என்னா சொல்றான்?" என்று தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். நாலு பக்கமும் "ஷ்ஷ்" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. யார் யாரோ அழுதார்கள், யார் யாரோ சேர்ந்தார்கள். அவருக்குக் கண் கலங்கவே இல்லை. மடியில் முறுக்கு அப்படியே இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆத்திரம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் அவரை இருத்தி, வலது காதைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"அவ ஒங்கள போன் எடுக்கச் சொன்னாளா?"

"யாரு?"

"யாரா? கைய ஆட்டி ஆட்டிக் கொஞ்சினாளே, அவதான்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "போன்ல எனக்கு என்னா புள்ள கேக்கும்?"

அது உண்மைதான். வயிறு எரிகிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? ஆனாலும் நான் விடவில்லை. "அப்ப மொதல்ல கையத் தூக்கினாளே, அது என்னா?"

"அதுவா? ரோலர்ல கொழுந்து ரொம்ப நசுங்குனா அப்படித்தான் காட்டுவோம். மூடியத் தூக்கு, பிரஷரக் கொறன்னு அர்த்தம்." தன் தாடையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "இதக் கொறக்கச் சொன்னா."

"காதுல கைய வச்சது?"

"அது நீ."

"நானா?"

"ஸ்டோர்ல ஒன் பேரு அதான்." கையைக் குவித்துத் தன் வலது காதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "காதுல பேசுறவ. 'அவுங்க ஒங்கள மொறைக்கிறாங்க, பாத்துக்கங்க'ன்னு சொன்னா. அதுக்குத்தான் சிரிச்சேன்."

அந்த இரைச்சலுக்குள் எனக்கு ஒரு பேர் இருக்கிறதாம்! உள்ளே குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"யாரு வச்ச பேரு?"

"ஜீவராணிதான்."

குளிர்ந்தது அப்படியே திரும்பக் கொதித்தது. என் புருசனின் காதைப் பார்த்து எனக்குப் பேர் வைக்க இவள் யார்? "அப்ப அவ பேரு என்னா? காட்டுங்க பாப்பம். ரோசாப்பூவா?"

"அவளுக்கு ஏது பேரு?"

"ஏன், மகாராணிக்குப் பேரு வக்க மாட்டீங்களோ?"

"எதுக்கதான நிக்கிறா. கைய நீட்டுனா அவ. இல்லாதவங்களுக்குத்தான் புள்ள பேரு வப்போம். எங்கள அதட்டுற டீமேக்கருக்கு ஒன்னு இருக்கு, தொரைக்கு ஒன்னு. அவங்கள பத்திப் பேசணும்ல?"

ரயில் தலவாக்கலையில் நின்று புறப்பட்டது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவள் பகலெல்லாம் அவருக்கு எதிரே நிற்கிறாள். நான் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நிற்கிறேன். இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தோன்றியது.

"நாளைக்குக் காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப கண்டாக்கையாகிட்ட கேக்கப் போறேன். என்னையும் ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி. நானும் ஒங்க எதுக்க வந்து நிக்கிறேன். எங்களுக்கும் கை இருக்கு, நாங்களும் படிச்சுக்குவோம்."

அவர் மீதி முறுக்கை எடுத்து என் கையில் ஒன்றை வைத்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்றுதான் சொல்வோம். மழை பிடித்துக்கொண்டால் மலையில் நிற்கிற எங்களுக்கு அரைப்பேர்தான் விழும்.

"வாயேன்" என்றார். "மழை பேஞ்சாலும் அங்க முழுப்பேரு கெடைக்கும்." அப்புறம் கையைக் குவித்துக் காதுப் பக்கம் கொண்டுபோய், பாதியில் கீழே இறக்கிவிட்டார். "இந்தப் பேருதான் போயிரும்."

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா, "என்ன லெச்சுமி, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன்.