ரூத்தின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால்

சேலையூர் சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் மகன் சாமுவேலையும் தெரியும். பிறந்த சில மாதங்களிலேயே வெளுத்துப்போனான். தலசீமியா என்னும் ரத்த நோய் என்றார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றினோம். 2004இல் அவனை அடக்கம் செய்தோம். அதன்பின் என் வாயில் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, நான் செய்த பாவம் எது, காட்டும்.

என் கணவர் என் தாய்மாமன் மகன். துக்கம் ஆறும் முன்பே மாமா தன் இளைய மகன் டேனியலுக்கு என் தங்கை ரூத்தைக் கேட்டார். சொந்தம் விட்டுப்போகக் கூடாதாம். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் போதகரிடம் நாளும் கேட்டாயிற்று.

அந்த வாரம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனைக்கு எங்களை அனுப்பினார்கள். எங்கள் இருவர் ரத்தத்தையும் பரிசோதித்துவிட்டு, டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே ஒரு தாளில் படமாக வரைந்தார்.

"யார் மேலயும் தப்பு இல்லம்மா. உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒரே குறை மறைஞ்சு இருக்கு. அதனால ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."

நான் கேட்டதற்குக் கர்த்தர் பதில் சொல்லிவிட்டார். ரூத்தும் டேனியலும் ரத்தம் பார்க்காமல் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மாமாவிடம் சொன்னதும் கொதித்துப்போனார். பேரனை ஆண்டவர் எடுத்துக்கொண்டார், நீ எங்கள் ரத்தத்தைக் குறை சொல்கிறாயா என்று எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. அவர் மனம் இளகும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும் என்று உபவாசம் இருந்தேன்.

ஒரு காலை டேனியலோடு ஆட்டோவில் வந்து எங்கள் வாசலில் நின்றார் மாமா.

"ரூத்த வரச் சொல்லும்மா, பாத்துடலாம். இன்னொரு சின்னப் பெட்டிய என்னால தூக்க முடியாது."

இருவருக்கும் அதே குறை இருந்தது. கல்யாணப் பேச்சு நின்றது. ஊர் வாய் சும்மா இருக்குமா? பேசட்டும் என்று விட்டேன்.

ரூத் இப்போது வண்டலூரில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் ரத்தம் பார்த்துத்தான் கட்டினார்; அவருக்கு அந்தக் குறை இல்லை. அவர்கள் மகள் கொழுகொழுவென்று ஓடுகிறாள். எங்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று நானும் என் கணவரும் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் முன்போல் குற்றவாளியாக நின்று கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசுகிறீர்களா? முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சபையில் யாராவது கல்யாணத்துக்காக மாமாவிடம் ஜெபிக்கக் கேட்டாலும், அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் முன் இதைத்தான் கேட்பார்: "ரத்தம் பாத்தாச்சா?"