தூசி படாத ஷூ

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சுடிதார்தான் இருந்தது. நீல நிறம், துப்பட்டாவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நான் அரியலூர், என் தோழி குன்னம். பெரம்பலூரில் நான்கு வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து இன்ஜினியரிங் முடித்தோம். அதன்பிறகு யாருக்கு இன்டர்வியூவோ அவள் அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொள்வாள். மற்றவள் துணைக்குப் போய், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கித் தருவாள். வேலை இல்லாத அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பஜ்ஜி வாசனைதான் வருகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தோம், போங்கள்!

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. என் அப்பா லோடு ஏற்றும் சிமெண்ட் ஆலையில் ஆபீஸ் வேலையாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் நேர்காணலாம். ஆலை இருக்க லாட்ஜ் எதற்கு என்று கேட்கிற புத்தி இருவருக்குமே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நாள் என்பதால் சுடிதாருக்குச் சீட்டுப் போட்டோம். அவளுக்கு விழுந்தது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

லாட்ஜ் அறையில், கழுத்தில் ஆலையின் அடையாள அட்டை தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். “இப்பதான் பிளான்ட்லேருந்து பைக்குல நேரா வரேன்” என்றார். அவளிடம் இரண்டே கேள்வி.

“செலக்ட் ஆயிட்டீங்கம்மா. ஒரே எடந்தான் இருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் குடுத்துட்டுப் போங்க, திங்கக்கெழம ஜாயின் பண்றப்ப வாங்கிக்கலாம்.” என்னைப் பார்த்து, “நீங்க அடுத்த தடவ பாக்கலாம்.”

எனக்கு வயிறு எரிந்தது. அவள் முகத்தில் பொங்கிய சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்தேன். மேஜைக்கு அடியில் அந்த ஆளின் ஷூ தெரிந்தது. கன்னங்கரேல் என்று பளபளத்தது.

அப்பாவின் ஷூவை வாராவாரம் நான்தான் கழுவுவேன். எவ்வளவு தேய்த்தாலும் தையலில் சாம்பல் பூத்தே இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற எங்கள் ரோட்டில் பத்து நிமிஷம் பைக் ஓட்டினால் புருவமே வெளுத்துவிடும். இந்த மனுஷன் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

“சார், எங்கப்பா அங்கதான் லோடு ஏத்துறாரு. ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்.”

அவர் முகம் மாறியது. “லேபருக்கெல்லாம் இது தெரியாதும்மா. நீங்க வெளியில நில்லுங்க.”

அதற்குள் அவள் பைலை நீட்டிவிட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை, அவள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி படித்ததற்கான அத்தனை காகிதமும் அதில் இருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

“பைத்தியமாடி ஒனக்கு?” நடுரோட்டில் அழுதாள். “எனக்குக் கெடச்சது ஒனக்குப் பொறுக்கல. அதான?”

“செருப்பு பிஞ்சிடும், வாய மூடுடி!”

பைலைக் கொடுத்தால் திரும்பிப் போய்விடுவாள் என்று நானே வைத்துக்கொண்டேன். அன்று பஜ்ஜி இல்லை. அப்படி ஓர் ஆளே ஆலையில் கிடையாது என்று அப்பா விசாரித்துச் சொன்னதையும் அவள் காதில் வாங்கவில்லை.

நான்கு நாளில் லாட்ஜ் அறை காலி. எங்களைப் போலவே வந்து, அந்த ஆளிடம் சர்டிபிகேட்டைக் கொடுத்து ஏமாந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். அவள் சுடிதாரைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பஜ்ஜிப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்று இருவருக்கும் வேலை இருக்கிறது. பீரோ நிறையச் சுடிதார் இருக்கிறது. “ஷூவப் பாத்தே கண்டுபுடிச்சியேடி, நீ பெரிய ஆளுதான்” என்று இப்போதும் போனில் சொல்வாள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். நடுரோட்டில் அவள் சொன்னது பொய்யில்லை. எனக்குப் பொறுக்கத்தான் இல்லை. அந்த ஆள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் குனிந்தே பார்த்திருக்க மாட்டேன். என் பைலை நானே நீட்டியிருப்பேன்.