சாமியின் பங்குக்கு ஒரு கையெழுத்து

என் அக்காள் வீட்டு அடுப்படியில் மிளகாய் வத்தல் பானையை மூடியிருப்பது ஒரு தகரப் பலகை. வெள்ளைப் பூச்சில் நீல எழுத்து. ‘குற்றாலநாதர் வத்தல் கம்பெனி, கொழும்பு’ என்று மேலே பெரிதாக இருக்கும். அதன் கீழே இரண்டு ஆண்களின் பெயர்கள். அதற்கும் கீழே ஒரு கையகலத்துக்கு வெறும் வெள்ளை. கம்பெனியைத் தொடங்கியவர் என் அத்தான், அக்காளின் வீட்டுக்காரர். அவர் இறந்த பிறகு தென்காசியில் அவரைப் பெருமையாகப் பேசுகிறார்கள். கடல் கடந்து போய், அந்த ஊர்ச் சட்டப்படி கம்பெனி பதிந்தவர் என்கிறார்கள். பேசட்டும். பதிந்த கதை எனக்குத் தெரியும்.

திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கத்துக் கரிசலில் விளைந்த வத்தலை அத்தான் வாங்கி, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே தரகர்கள் வைத்ததுதான் விலை. சொந்தக் கம்பெனி இருந்தால் அவர்கள் காலில் விழவேண்டாம் என்று நினைத்தார். கொழும்பில் கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். முதலுக்கு அக்காளின் வயல் அடமானம் போயிற்று. கீழப்பாவூரில் எங்கள் அப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். கெடுவுக்குள் மீட்காவிட்டால் போனது போனதுதான்.

எங்கள் பக்கத்தில் கூட்டு வியாபாரம் தொடங்கினால் சாமிக்கு ஒரு பங்கு வைப்பார்கள். லாபத்தில் அந்தப் பங்கு கோயிலுக்குப் போகும். ஊரில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அத்தான் இதையே கொழும்பிலும் செய்தார். பதிவு மனுவில் முதல் பங்காளி குற்றாலநாதர், அடுத்து தான், அதற்கடுத்து சிநேகிதர். வயலுக்குச் சொந்தக்காரியின் பெயரை எழுத அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் பங்காளிக்கு வயது என்ன, எந்தத் தெருவில் குடியிருக்கிறார், கையெழுத்துப் போட எப்போது வருவார் என்று பதிவு ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். இவர் விளக்கியிருக்கிறார். உயிருள்ள ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட்டு வா என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே அடித்திருப்பார். அத்தானுக்குக் கை வரவில்லை. சாமிக்குக் கொடுத்ததைச் சாமியைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று கப்பலேறித் திரும்பி வந்து நின்றார்.

அது சாரல் மாதம். அனுப்பவேண்டிய மூட்டைகள் அக்காள் வீட்டு முன்னறையில் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. என் வீட்டுக்காரர் மலைத்தோட்டத்தில் வேலையாக இருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். வெளியே நாள் முழுக்கத் தூறல். ஈரம் ஏறினால் வத்தல் கறுத்துவிடும், காம்படியில் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் மாட்டுக்குக்கூட ஆகாது. இரும்புச் சட்டிகளில் கரி போட்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்தோம். நெடி தொண்டையை அறுத்தது. அக்காள் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டு ஒரு வத்தலை எடுத்து மடக்கிப் பார்ப்பாள். நொறுங்கினால் அடுத்த மூட்டைக்குப் போவாள். வளைந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். நாள் போகப்போக வளைவது அதிகமாயிற்று. அவள் கரியை ஊதிவிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “பேர அடிச்சிட்டு வந்திருக்கலாம்லா அத்தான்? வயலு போச்சுன்னா சாமியா வந்து உழுது குடுப்பாரு?” என்றேன். “ஏட்டி, சாமி விசயத்துல வாய வைக்காத” என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒரு வத்தலை எடுத்து மடக்கினார், வளைந்தது. அதைப் பார்த்ததும் என் கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

குற்றாலத்துக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒன்றுபோல மடித்துச் சன்னதியில் வைத்தார்கள். சிவப்பு வந்தால் பெயரை எடுத்துவிடலாம். வெள்ளை வந்தால் சாமி பங்கில்தான் இருப்பார். அருவியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச்சொட்ட வந்த யாரோ வீட்டுச் சின்னப்பிள்ளையை எடுக்கச் சொன்னோம். அது எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அத்தான் பிரித்தார். வெள்ளை.

அத்தான் பிரகாரத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது. சாமி பங்க விட மாட்டேங்காரு” என்றார்.

“விடாண்டாம். அவர யாரு போவச் சொன்னா?” என்றாள் அக்காள்.

“பொறவு கையெழுத்து? கொழும்புக்கு அவரு வருவாரா?”

“கோயில் நெலத்தக் குத்தகைக்கு விடுதாங்களே, சீட்டுல சாமியா கையெழுத்துப் போடுதாரு? தர்மகர்த்தா போடுதாருல்லா. சாமி பங்குக்கு நான் போடுதேன். மனுவுல எம்பேர எழுதுங்க.”

“ஒரு பொம்பளையவா?”

“வயல அடமானம் வைக்கயில எங்கிட்டத்தான கையெழுத்து வாங்குனிய? அப்பம் நான் பொம்பளையாத் தெரியலையோ?”

அவளை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தானும் கேட்டதில்லை. மறுநாள் புது மனு எழுதி, அவள் கையெழுத்தோடு அவர் வண்டியேறினார்.

பிறகு காத்திருந்தோம். அதைப் போல ஒரு காத்திருப்பு எனக்கு வேறு இல்லை. ஒரு பெண்ணின் கையெழுத்தை அந்த ஊரில் ஏற்பார்களா என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. கரி அணையக்கூடாது என்று மாறிமாறி உட்கார்ந்திருந்தோம். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவோம். கடைசியில் தந்தி வந்தது. இங்கிலீஷ் எங்களுக்குத் தெரியாது. தந்திக்காரரையே படிக்கச் சொன்னோம். “பதிஞ்சாச்சாம் ஆச்சி. சரக்க ஏத்தச் சொல்லுதாரு” என்றார். அக்காள் சிரிக்கவில்லை. பக்கத்து மூட்டையில் கையை விட்டு ஒரு வத்தலை எடுத்து மடக்கினாள். நொறுங்கியது. “வண்டிக்காரனக் கூப்பிடுட்டி” என்றாள்.

சரக்கு கரை சேர்ந்தது. வயல் திரும்பி வந்தது. கொழும்புக் கடையின் முகப்பில் இந்தப் பலகையும் ஏறியது. மேலே சாமி பெயர், கீழே ஆண்கள் இருவர் பெயர். கேட்டால், “சாமியே வழி காட்டிட்டாரு” என்பார் அத்தான், சாகும்வரை. கெட்ட மனிதர் இல்லை. கோபக்காரி என்று என்னைச் சொன்னாலும் பரவாயில்லை, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. யுத்தம் வந்து கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தபோது, பெட்டியோடு இந்தப் பலகையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

போன மாதம் அத்தானின் தம்பி மகன் வந்திருந்தான். புதுக்கடை திறக்கிறானாம். பெரியப்பா தொடங்கிய கம்பெனியின் பலகையை அங்கே மாட்டவேண்டும் என்றான். அக்காள் பானையிலிருந்து பலகையை எடுத்து, முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

“கொண்டு போ. அடியில எடம் கெடக்கு பாரு, அங்கன எம்பேர எழுதிட்டு மாட்டு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான். “அதெப்படி பெரியம்மா, பழைய பலகையில…” என்று இழுத்தான்.

“அப்பம் அங்கன வச்சிட்டுப் போ” என்று பானையைக் காட்டினாள்.

வைத்துவிட்டுப் போனான். இப்போதும் அந்த வத்தல் பானையை அதுதான் மூடியிருக்கிறது.